எந்த வெள்ளம் என்று கேட்காமல் டிக்கெட் எடுக்காதே

இராஜாக்கமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, கோழி வேகும் நேரம்.

கர்த்தருக்குள் பிரியமான ஷிபு அண்ணனுக்கு,

உன் சித்தி மகள் ஜினிஷா தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அதைவிட முக்கியமாக, எல்லோரும் உலர்ந்த நிலையில் இருக்கிறோம். மஸ்கட் வெயிலில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். உன் மானேஜரிடம் அவசர விடுப்புக் கேட்டு நிற்பதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அந்த மனிதரை விட்டுவிடு.

முதலில் பதறாதே. நீ பார்த்த வீடியோவில் இடுப்பளவு வெள்ளத்தில் தத்தளித்துக்கொண்டு "என் பிள்ளை, என் பிள்ளை" என்று கத்துகிற பெண் உன் அம்மா இல்லை. சென்னையில் இருந்து வந்த நடிகை. அந்த அக்காவுக்கு நன்றாக நீச்சல் தெரியுமாம், என்னிடம் சொன்னார். அவரைச் சுற்றிச் சுழன்றது வெள்ளமும் இல்லை, ஜவுளிக்கடையில் மொத்தமாக வாங்கிய நீலத் துணி. அதன் இடது மூலையைப் பிடித்து ஆட்டியது நான்தான். அண்டாவுக்குள் மிதந்து வந்த கைக்குழந்தை நீ. அதாவது உன் வேடத்தில் நம்ம எபின், பத்தாம் வகுப்பு, மீசை உண்டு. வீடியோ இருட்டாக இருந்ததால் மீசை உனக்குத் தெரியவில்லை. "ஞானபாய் அக்கா வெள்ளத்தில்" என்று யாரோ எழுதி ஸ்டேட்டஸ் போட்டதால் உன் மூளையும் வேலை செய்யவில்லை. உன் அம்மா, அதாவது என் பெரியம்மா, போனை எடுக்காததற்கும் காரணம் உண்டு. இதைத்தான் என் அம்மா அன்றைக்கு உன்னிடம், "ஒண்ணும் இல்ல மக்கா, வெள்ளத்துல விழுந்துட்டு, இப்ப எடுத்து அரிசிக்குள்ள வச்சிருக்கு" என்று சொன்னாள். அம்மா சொன்னது போனை. நீ நினைத்தது பெரியம்மாவை. உன் அம்மாவை நாங்கள் எதற்கு அரிசிக்குள் வைக்கப்போகிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

அல்லது, எந்த வெள்ளம் என்றாவது கேட்டிருக்க வேண்டும். நீயும் நம்ம ஊர்க்காரன்தானே. நமக்கு வெள்ளம் என்றால் டம்ளரில் இருப்பது. மற்ற ஊர்க்காரர்களுக்கு வெள்ளம் என்றால் டம்ளரை அடித்துக்கொண்டு போவது. நீ அங்கே சென்னைக்காரர்களோடும் மதுரைக்காரர்களோடும் ஒரே அறையில் கிடந்து கட்சி மாறிவிட்டாய். இந்த ஒரு சொல்லால்தான் இத்தனையும் நடந்தது. போனில் சொல்லலாம் என்றால் என் போனை அம்மா பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டாள், அதற்கான காரணமும் கீழே வரும். தன் போனையும் தொட விடமாட்டாள். அதனால் கபிரியேல் மாமா வியாழக்கிழமை விமானம் ஏறும்போது, நெய்மீன் ஊறுகாய்க்கும் நேந்திரங்காய் வற்றலுக்கும் நடுவில் இதையும் கொண்டுவருவார். எண்ணெய்க் கறை இருந்தால் அது ஊறுகாய். வேறு கறை இருந்தால் அது எழுதும்போது பெரியம்மா என் தோள்மேல் சாய்ந்து வாசித்தது.

நம்ம ஊர் நூலக வாசகர் வட்டத்துத் தலைவர் ஜெபசீலன் சாரை உனக்குத் தெரியும், உனக்குக் கணக்கு வராது என்று ஊருக்கே சொன்னவர். அவர் இந்த வருடம் "நம்மாளு, நம்ம கதை" என்று ஒரு விழா வைத்தார். பெரிய மனிதர் யாரும் கிடையாது, பொன்னாடை கிடையாது. நம்ம தெருவில் நடமாடுகிறவர்களின் வாழ்க்கையை நாடகமாகவும் பாட்டாகவும் படமாகவும் கோவில் ஹாலில் காட்டுவது. கபிரியேல் மாமா சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டி மீன் விற்ற கதைக்கு ஒரு பாட்டே போட்டார்கள், மாமா இப்போது அதைத் தவிர வேறு எதையும் பாடுவதில்லை. விமானத்தில் பக்கத்துச் சீட்டுக்காரருக்காக ஜெபித்துக்கொள். இதற்காக இரண்டு மாதம் முன்னாலேயே சென்னையில் இருந்து ஒரு நாடகக் குழு வந்து எல்லோரையும் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டு போனது. குழுவின் தலைவருக்கு நெஞ்சு வரைக்கும் தாடி, நாங்கள் வைத்த பெயர் தாடி அண்ணன். நல்ல மனிதர். நாம் இருமினால்கூடத் தலையை ஆட்டிக் கேட்பார்.

பெரியம்மா முதலில், "எனக்கு என்ன கதை, சோறு பொங்கினேன், துணி அலசினேன், ஆச்சு" என்று எழும்பிப் போகப் பார்த்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ திரும்பி வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏட்டி, இதை ராஜபாயி கேப்பாளா?"

"மேடையில போட்டா ஊரே கேக்கும் பெரியம்மா."

"ஊரு கேட்டா என்ன, கேக்காட்டா என்ன. அவ கேக்கணும்."

அண்ணா, நீ மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நீ முதல் சம்பளங்களைச் சேர்த்து அனுப்பி, "அம்மா இனி குடம் தூக்கக் கூடாது" என்று சொல்லி நம்ம வீட்டில் போர் போட்டாய். நீ போட்டதும் போர், மறு வாரம் தொடங்கியதும் போர். உன் போர் ஆழத்துக்குப் போய் உறிஞ்சத் தொடங்கியதும், மதிலுக்கு அந்தப் பக்கம் ராஜபாய் மாமி வீட்டுக் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது. கடல் நமக்கு அத்தனை தூரம் இல்லையே. மாமி நம்ம வாசலுக்கு வந்து நின்று, "ஞானபாயி, ஒங்க போரு போட்டதுல இருந்து என் வெள்ளம் கரிக்கி" என்றார். உன் அம்மா அன்றைக்கு அவசரத்தில், "ஒனக்கு நாக்கு கரிக்கி, என் பிள்ளை சம்பாத்தியத்தைப் பாத்து" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். சின்ன வயதில் உனக்குக் குடிக்கவும் குளிக்கவும் தந்த கிணறு அது. அந்தக் கிணற்றுக்காரிக்கு நாம் கொடுத்த பதில் அது. அதற்குப் பிறகு மாமி நம்மோடு பேசியது கோழி வழியாக மட்டும்தான். நம்ம கோழி மதில் ஏறினால் மாமி, "ஏ கோழி, பணக்காரக் கோழி, இங்கன வந்து ஏழை வெள்ளத்தைக் குடிச்சா ஒனக்கு ரத்தக் கொதிப்பு வரும்" என்பார். பெரியம்மா கோழியை மடியில் வைத்து அதன் இறகைக் கோதிக்கொண்டிருப்பாள். நீ போனில், "தண்ணி நல்லா வருதாம்மா" என்று கேட்கும்போதெல்லாம், "வருது மக்கா, வருது" என்று சொல்வாளே, அந்தக் குரலை நீ கவனித்ததில்லை. நானும்தான் கவனித்ததில்லை. ரிக்கார்டருக்கு முன்னால் உட்கார்ந்த அன்றைக்குத்தான் கேட்டேன்.

அன்றைக்கு அவள் சொன்னது இது, எனக்கு மனப்பாடம். "இந்த ஊருக்கு வாழ வந்த அன்னைக்கே தொடங்கினது வெள்ளத்துல என் பாடு. விடியும் முன்ன எழும்பி வெள்ளத்துக்குப் போவணும். ஷிபு வயித்துல. குனிய முடியல்ல, நிமிர முடியல்ல. ராஜபாயிதான் ஒவ்வொரு நாளும் தூக்கி விடுவா. அவ இல்லன்னா நானும் பிள்ளையும் அன்னைக்கே போய்ச் சேந்திருப்போம். அத்தன வருசம் அவ எனக்கு வெள்ளம் தந்தா. நான் அவ வெள்ளத்தைக் கெடுத்துட்டேன். இத அவ மொகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல்ல." நீயும் நானும் கேட்டால் கிணறு தெரிகிறது, கயிறு தெரிகிறது, தூக்கி விட்டது குடத்தை என்பதும் தெரிகிறது. குடம் என்ற சொல்லைப் பெரியம்மா சொல்லவில்லை, எதற்குச் சொல்ல வேண்டும். தாடி அண்ணன் இதைச் சென்னையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்தது, ஊரே முழுகிக் கிடக்க, நிறைமாதக் கர்ப்பிணியை ஒரு பக்கத்து வீட்டுக்காரி பெருக்கிலிருந்து கையைப் பிடித்துத் தூக்கி விடுகிறாள். மேடைக்குப் போவதற்குள் வயிற்றுப் பிள்ளையும் அண்டாப் பிள்ளை ஆகிவிட்டது.

அடுத்த தவறு என்னுடையது, அதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் குழு வந்து இறங்கியதும் தாடி அண்ணன், "இந்த மண்ணோட சொற்களை எனக்குக் கத்துக்கொடும்மா" என்று என்னிடம் கேட்டார். நீயே சொல், என்னிடம் கேட்கலாமா? "சவமே" என்றால் பெரியவர்களை மரியாதையாக விளிப்பது என்றும், "வெப்ராளம்" என்றால் மனம் நிறைந்த சந்தோஷம் என்றும் கற்றுக்கொடுத்தேன். அவர் நேராக ஜெபசீலன் சாரிடம் போய், இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம் சவமே, உங்க ஊருக்கு வந்ததுல எனக்கு ஒரே வெப்ராளம்" என்றார். சார் தன்னைப் பிணம் என்றும், தன் ஊரை வயிற்றெரிச்சல் என்றும் சொன்னவரை முழுதாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "யாரு சொல்லித் தந்தா?" என்று மட்டும் கேட்டார். என் போன் அன்று சாயங்காலமே அலமாரிக்குப் போனது.

மறுநாள் ஒத்திகை. துணி ஆட்டும் குழுவில் எனக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். ஒத்திகையைக் கதைக்குச் சொந்தக்காரர்கள் பார்க்கக் கூடாது, மேடையில்தான் பார்த்து மகிழ வேண்டும் என்பது ஏற்பாடு, அதனால் உள்ளே நாங்கள் பிள்ளைகள் மட்டும். துணியை விரித்தார்கள். ஒருவர் தகரத்தை ஆட்டி இடி இடித்தார். அண்டாவைக் கொண்டுவந்து எபினை உள்ளே மடக்கி வைத்தார்கள். எபின், இது ஞானஸ்நானக் காட்சி என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"அண்ணா, இது என்ன?" என்று கேட்டேன்.

"வெள்ளம்மா."

"எந்த வெள்ளம்?"

"ஞானபாய் அம்மா சொன்ன வெள்ளம்." தாடி அண்ணனின் குரல் இறங்கிவிட்டது. "தேடாத இடமில்ல. அரசாங்கப் பதிவுல இல்ல, பழைய பத்திரிகையில இல்ல. ஒரு வரி கிடையாது. எளிய மக்களோட பேரிடரை யாருமே எழுதி வைக்கல. நாமதான் முதல்ல சொல்லப்போறோம்."

"அண்ணா, இங்க வெள்ளமுன்னா தண்ணி."

"வெள்ளம்னா எங்கயும் தண்ணிதாம்மா."

"இல்லண்ணா, குடிக்கிற தண்ணி."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், கோபமே இல்லாமல். "சவமேன்னா மரியாதை. வெப்ராளம்னா சந்தோஷம். இப்ப வெள்ளம்னா குடிதண்ணி. போதும்மா உன் அகராதி" என்று சொல்லி என் கையில் துணியின் மூலையைக் கொடுத்தார்.

ஜெபசீலன் சாரிடம் ஓடினேன். "சார், நாடகத்துல அந்த வெள்ளம்" என்று தொடங்கும்போதே, "ஏட்டி, நீ வாயத் தெறந்தா ஒண்ணு பொய் வரும், இல்லேன்னா கொட்டாவி வரும். போ, நாற்காலிய எண்ணு" என்றார். பெரியம்மாவிடம் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனேன். அவள் பீரோவைத் திறந்து வைத்து, எந்தச் சேலை உடுத்தினால் ராஜபாய்க்குப் பணக்காரி மாதிரித் தெரியாது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் இவள் விழாவுக்கு வரமாட்டாள். சொல்லாவிட்டால், இவள் தன் வாயால் சொல்ல முடியாமல் மூன்று வருடமாக வைத்திருந்ததை நாளைக்கு நீலத் துணி மூடிவிடும். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கையில் ஒரு முழு உண்மை இருந்தது, அதை வாங்க ஆள் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்ததுதான் அண்ணா, வெப்ராளம்.

விழா அன்றைக்கு ராஜபாய் மாமி வருவாரா என்பதே சந்தேகமாக இருந்தது. ஆனால் ஹால் வாசலில் ஒட்டிய பெரிய பேனரில், மாமியும் பெரியம்மாவும் இளம் வயதில் கிணற்றங்கரையில் நிற்கிற பழைய படத்தைப் போட்டிருந்தார்கள், பெரியம்மா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அதைப் பார்த்துவிட்டு மாமி, "என் படத்தை என்கிட்ட கேக்காம ஒட்டச் சொன்னது ஆருடே?" என்று சண்டைக்கே வந்தார். ஜெபசீலன் சார் சமயோசிதமாக முதல் வரிசையில் ஒரு நாற்காலியும், கையில் ஒரு சுக்குக் காப்பியும் கொடுத்தார். மாமி உட்கார்ந்தார். அந்த வரிசையின் மற்ற ஓரத்தில் பெரியம்மா. நடுவில் காலியாகக் கிடந்த நாற்காலிகளில் உட்கார ஊரில் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

விளக்கை அணைத்தார்கள். தகரம் இடித்தது. "அது பெருவெள்ளத்தின் காலம்" என்று தாடி அண்ணன் சொன்னதும் நாங்கள் துணியைத் தூக்கினோம். கடல் வந்த வருடத்தை மறக்காத ஊர் அண்ணா இது, மேடையில் நீலத்தை இப்படி எழுப்பினால் சிரிப்பு வராது. பின் வரிசையில் யாரோ ஒரு அக்கா எழும்பி வெளியே போனார். எனக்குத் துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடலாம் போல இருந்தது. நல்லவேளையாக அண்டா வந்தது. அண்டாவுக்குள்ளிருந்து மீசையுள்ள குழந்தை தலையை நீட்டி, மனப்பாடம் செய்ததை மறந்து, கரகரத்த குரலில் "அம்மா, பசிக்கி" என்றது. முதலில் சிரித்தது பாஸ்டர். அப்புறம் ஊரே சிரித்தது, சிரித்துக்கொண்டே ஒருவரை ஒருவர், "இது எப்பம் வந்த வெள்ளம்?" என்று கேட்டது. "நாம இல்லாத நேரம் வந்திருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். மேடையில் ராஜபாய் மாமியாக நடித்த அக்கா, பெரியம்மாவாக நடித்த அக்காவைத் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். நீ பார்த்த வீடியோ இந்த இடம்தான். இதோடு முடிந்திருந்தால் நம்ம ஊர்க் கதை மொத்தமாக நீர்த்துப் போயிருக்கும்.

ஆனால் தாடி அண்ணன் கடைசியில் பெரியம்மாவின் சொந்தக் குரலை ஸ்பீக்கரில் விட்டார். வெள்ளத்துக்குப் போனது, தூக்கி விட்டது எல்லாம் வந்தது. "அத்தன வருசம் அவ எனக்கு வெள்ளம் தந்தா. நான் அவ வெள்ளத்தைக் கெடுத்துட்டேன்" என்று வந்ததும் சிரிப்பு நின்றது. ஊருக்கு அப்போதுதான் எந்த வெள்ளம் என்று புரிந்தது. தாடி அண்ணனுக்கு மட்டும் புரியவில்லை. "இத அவ மொகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல்ல" என்று முடிந்து ஸ்பீக்கர் கொஞ்ச நேரம் இரைந்தது. பெரியம்மா குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜபாய் மாமி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார்.

"அந்தத் துணியக் கீழ போடுங்கடே."

நாங்கள் போட்டோம்.

"ஏ ஞானபாயி. இத என்கிட்ட சொல்ல மெட்ராஸ்ல இருந்து ஆளு வரணுமா? நடுவுல ஒரு மதிலு. நீ அங்கன தும்மினா எனக்கு இங்கன கேக்கும்."

பெரியம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள். "தும்மத் தெரிஞ்சுது. இது தெரியல்ல."

"என் நாக்குதான் கரிக்கின்னு சொல்ல மட்டும் தெரிஞ்சுதா?"

"அது நான் சொல்லணும்னு சொல்லல்ல ராஜபாயி. வாய்ல வந்துட்டு."

"ஒனக்கு வாய்லயும் பிடி கிடையாது, கயித்துலயும் பிடி கிடையாது. எத்தன வாளி என் கிணத்துல விட்டுருக்க. எழும்பி வா மேல."

இருவரும் மேடை ஏறினார்கள். மாமி தன் வேடம் போட்ட அக்காவைப் பார்த்து, "மக்கா, நீ நல்லாத்தான் செய்த. ஆனா நான் இவ முடியப் பிடிச்சு இழுத்தது கிடையாது. ஆசை உண்டும், செய்யல்ல" என்றார். அப்புறம் மேடையைச் சுற்றிப் பார்த்தார். "வெள்ளத்துக்குப் போன இடத்துல குடம் எங்கடே?" தாடி அண்ணன் ஓரத்தில் நின்று, அண்டாவையும் எபினையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஓடினேன். ஹாலுக்குப் பின்னால் காப்பி போடுகிற இடத்தில் நிறைகுடம் ஒன்று இருந்தது, அப்படியே அணைத்துத் தூக்கி வந்தேன். பாதி என்மேல்தான்.

"இவளுக்கு வயித்துல பிள்ளை. குனிய முடியாது. நான் தூக்கி இடுப்புல வச்சு விடுவேன். இப்பிடி." மாமி குடத்தைத் தூக்கினார். பெரியம்மா இடுப்பை ஒடித்துக் கொடுத்தாள், அந்த இடம் இன்னும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. "பைய, பைய" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் இப்போது முட்டு வலி, குடம் சரிந்தது, சேலை இரண்டும் நனைந்தது, இடுப்பில் செருகியிருந்த பெரியம்மாவின் போன் நழுவிக் குடத்துக்குள் களக் என்று போய் இறங்கியது. ஒருத்தியும் குடத்தை விடவில்லை. மாமி உள்ளங்கையில் கொஞ்சம் கோரிப் பெரியம்மாவின் வாயருகே கொண்டுபோய், "குடி. கரிக்கான்னு சொல்லு" என்றார். பெரியம்மா குடித்தாள். "கரிக்கல்ல" என்றாள். கரித்திருக்கும் அண்ணா, அவள் அழுதுகொண்டல்லவா குடித்தாள்.

எனக்குப் பக்கத்தில் தாடி அண்ணன் மெதுவாக, "அப்போ வெள்ளம்னா..." என்று இழுத்தார்.

"குடிக்கிற தண்ணி அண்ணா. நேத்தே சொன்னம்லா."

அவர் குடத்தைப் பார்த்தார். கீழே கிடந்த நீலத் துணி முழுவதையும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, அடி வயிற்றிலிருந்து, "சவமே" என்றார். சரியான ஆளிடம், சரியான நேரத்தில், சரியான ராகத்தில். ஜெபசீலன் சாரே கை தட்டினார்.

பிறகு பெரியம்மாவிடம் வந்து அவர் மன்னிப்புக் கேட்டார். "ஒங்க வெள்ளமும் நல்லாத்தான் இருந்துது தம்பி, கொஞ்சம் கூடிப்போச்சு" என்று அவள் அவரைத் தேற்றினாள். அந்தக் கடைசி வரியை ஏன் வெட்டாமல் விட்டீர்கள் என்று நான் கேட்டேன். "வெள்ளத்தை ஒரு ஆள் எப்படிக் கெடுக்க முடியும்னு எனக்குக் கடைசி வரைக்கும் புரியலம்மா. புரியாததை வெட்ட மனசு வரல" என்றார். அதற்குப் பிறகு நான் அவருக்குப் பொய்யாக எந்தச் சொல்லும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒன்றே ஒன்று தவிர, அது சும்மா சாப்பாட்டு விஷயம்.

இனி நீ கவனமாக வாசிக்க வேண்டிய இடம். விழா முடிந்து வந்த அன்றே பெரியம்மா மோட்டார் சுவிட்சின்மேல் பழைய துணியைச் சுற்றிக் கட்டிவிட்டாள். குடிக்கத் தெருக்குழாய், மற்றதற்கு மழைக்காலம் வரைக்கும் பஞ்சாயத்து லாரி என்று மாமியோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள். இருவரும் வரும்போது பேசிக்கொண்டு வருகிற பேச்சில் மூன்று வருடத்துப் பாக்கி இருப்பதால், போன இடத்திலிருந்து குடம் வந்துசேர மதியம் ஆகிறது. நீ வந்தால் குளிக்க என்று வாங்கி வைத்த அந்த வெள்ளைத் தொட்டியில் இப்போது கோழி முட்டையிடுகிறது. போரை ஒரேயடியாக மூடிவிடலாமே என்று மாமியே கேட்டார். பெரியம்மா சம்மதிக்கவில்லை. "பிள்ளை வேர்வை சிந்திப் போட்டது. அவன்கிட்ட கேக்காம மூடுனா அவனுக்கு வலிக்கும்" என்று சொல்லி, உன்னிடம் கேட்கத் தைரியம் இல்லாமல், என்னை எழுதச் சொன்னாள். நீ போட்டது தப்பு என்று யாரும் சொல்லவில்லை அண்ணா. அம்மா குடம் தூக்கக் கூடாது என்றுதான் நீ போட்டாய். அவளுக்குக் குடம் பாரமாக இருந்ததே இல்லை, தூக்கி விட ஆள் இல்லாததுதான் பாரம் என்பது உனக்கோ எனக்கோ எப்படித் தெரியும்? மூடலாம் என்று ஒரு வார்த்தை சொல். அதைப் பெரியம்மாவிடம் சொல்லாதே, அவள் போன் அரிசிக்குள் இருக்கிறது. ராஜபாய் மாமிக்குக் கூப்பிட்டுச் சொல். நம்பர் மாறவில்லை. முதலில் திட்டுவார், கோழியைத் திட்டுவது போல இருக்கும், வைத்துவிடாதே, அது உனக்குத்தான்.

மற்றபடி விடுப்பைக் கைவிடு. மானேஜரிடம் என் தோத்திரத்தைச் சொல். இங்கே ஊரில் ஒரு சொட்டு மழை கிடையாது, வானம் துடைத்து வைத்தது போல இருக்கிறது, வெள்ளம் வந்து யாரையும் கொண்டுபோக வழியே இல்லை. என் அப்பா, அம்மா, மீசைக் குழந்தை எபின் எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். பெரியம்மா உன் தலையில் கை வைத்து ஜெபிப்பதாக எழுதச் சொன்னாள். கர்த்தர் உன்னையும், என் போனுக்காக நீ வாங்கி அனுப்பப்போகிற புது கவரையும் பத்திரமாகக் காப்பாராக.

இப்படிக்கு,
அகராதி பிடித்த உன் தங்கை
ஜினிஷா

பின்குறிப்பு: உலர்ந்த நிலையில் இருக்கிறோம் என்று முதலில் எழுதியதையும், ஒரு சொட்டு மழை கிடையாது என்று கடைசியில் எழுதியதையும் அடித்துவிட்டு வாசி. கடித உறையை ஒட்டுவதற்குள் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது, திங்கட்கிழமை தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. இன்று காலை மேலே குளத்தங்கரை உடைந்து தெருவுக்குள் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. முதலில் பார்த்தது, சென்னைக்குக் கிளம்ப நீலத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்த தாடி அண்ணன். மனிதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க, "வெள்ளம் வருது, வெள்ளம் வருது" என்று கத்திக்கொண்டு ஓடினார். நல்ல மனதோடுதான் கத்தினார். எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் குடத்தோடு வெளியே வந்தார்கள், குழாயில் வருகிறது என்று. முதல் ஆளாக இறங்கியது பெரியம்மா, அவளைத் தள்ளிக்கொண்டு ராஜபாய் மாமி. இப்போது இரண்டு பேரும் நம்ம வீட்டுக் கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, யார் குடம் வரிசையில் முதல் என்று சண்டை போடுகிறார்கள், கோழி நடுவில். போன் இன்னும் அரிசிக்குள்தான், அரிசிப் பாத்திரம்தான் இடம் மாறி மிதக்கிறது. ஒருவருக்கும் ஆபத்தில்லை. ஆனால் டிக்கெட் எடுத்துவிடு அண்ணா. எந்த வெள்ளம் என்று கேட்பாய். இந்தத் தடவை இரண்டும்.